செராமிக் ஊர் ஓகே... கடைத்தெரு எங்கே? விருத்தாசலம் பீங்கானுக்கு இப்போது தேவை என்ன?

கார்த்திகை தீபத்துக்கு வாசலில் ஏற்றும் பீங்கான் அகல் விளக்கு. கொலுப்படியில் பளபளக்கும் பொம்மை. பழைய வீடுகளின் மீட்டர் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளை ஃபியூஸ் கேரியர். கடலூர் மாவட்டம் விருத்தாசலத்தில் இந்த மூன்றையும் செய்கிறார்கள். ஆனால் வாங்குகிற பலருக்கு அது தெரியாது. காரணம் சிம்பிள். சரக்கு மொத்தமாக ஊரை விட்டுப் போகிறது. ஊர்ப் பெயர் கூடப் போவதில்லை.

இந்தத் தொழில் அடுத்த தலைமுறைக்கும் சோறு போட வேண்டுமென்றால், சூளைகளோடு சேர்த்துச் சின்னச் சின்னக் கடைகளும் அங்கே பெருக வேண்டும்.

ஏன் விருத்தாசலம்?

முதல் காரணம், மண். பக்கத்திலிருக்கும் நெய்வேலி பகுதியில் வெள்ளைக் களிமண் கிடைக்கிறது. இரண்டாவது, ரயில். சென்னை - திருச்சி பாதையில் உள்ள இந்த ஜங்ஷனிலிருந்து கடலூருக்கும் சேலத்துக்கும் பாதைகள் பிரிகின்றன. மூன்றாவது, அரசு போட்ட அஸ்திவாரம். சிறு தொழில்முனைவோருக்கான செராமிக் தொழிற்பேட்டையும், செராமிக் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ தரும் அரசுக் கல்வி நிறுவனமும் இங்கேயே இருக்கின்றன. மண், போக்குவரத்து, படிப்பு மூன்றும் ஒரே ஊரில் அமைவது அபூர்வம்.

ஒரு கப் எப்படி உருவாகிறது?

அரைத்த களிமண்ணைத் தண்ணீரில் கலந்து கூழாக்கி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, அதன் உள்சுவரில் மண் படிந்து உருவம் பிடிக்கும். மீதிக் கூழை வெளியே கவிழ்த்துவிட்டு, உருவத்தை எடுத்துக் காயவைத்து, பிசிறு தேய்த்து, மேலே கிளேஸ் பூசி, 1,000 டிகிரி செல்சியஸுக்கும் மேலான சூட்டில் சுடுகிறார்கள்.

இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. சூளை பாதி நிறைந்தாலும் முழுசாக நிறைந்தாலும் எரிபொருள் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால், புது டிசைனில் 20 கப் மட்டும் செய்து பார்க்க நினைக்கும் இளைஞருக்குத் தனிச் சூளை கட்டுப்படியாகாது. பலர் பகிர்ந்துகொள்ளும் பொதுச் சூளை இருந்தால் கட்டுப்படியாகும்.

சிக்கல் எங்கே?

ஃபியூஸ் கேரியர் ஒரு காலத்தில் எல்லா வீட்டுக்கும் தேவைப்பட்டது. இப்போது புது வீடுகளில் அந்த இடத்தை எம்சிபி ஸ்விட்ச் பிடித்துவிட்டது. விளக்குக்கும் பொம்மைக்கும் சீசன் உண்டு. நவராத்திரி முதல் கார்த்திகை வரை ஓட்டம். அது முடிந்தால் ஆர்டர் குறையும்.

மொத்த வியாபாரத்தில் விலையைத் தீர்மானிப்பது வாங்குபவர்தான். கூடவே உடைசல் தொல்லை. பீங்கான் எத்தனை கை மாறுகிறதோ, அத்தனை முறை உடையும் ஆபத்து. வைக்கோலோ அட்டைப்பெட்டியோ, பேக்கிங் செலவும் உண்டு. செய்த இடத்துக்குப் பக்கத்திலேயே விற்றால் இந்த இரண்டும் குறையும். நாலு கை மாறும்போது பிரிந்துபோகிற லாபமும் செய்தவர் கையிலேயே நிற்கும்.

மற்ற ஊர்கள் என்ன செய்தன?

உத்தரப் பிரதேசத்தின் குர்ஜாவும் பீங்கான் ஊர்தான். டெல்லியிலிருந்து 100 கி.மீ.க்குள் இருப்பதால், கப், தட்டு, ஜாடி வாங்குவதற்கென்றே ஆட்கள் அங்கே போகிறார்கள். குர்ஜா மட்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடும் உண்டு. அங்கே ஊர்ப் பெயரே பிராண்ட்.

இன்னும் பக்கத்தில் புதுச்சேரி. 1971-ல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் இருவரும் அங்கே 'கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி'யைத் தொடங்கினார்கள். அங்கே கற்றவர்கள் பிறகு தனித்தனி ஸ்டூடியோக்கள் நடத்தத் தொடங்கினார்கள். கையால் செய்த கப்பில் காபி குடிப்பது இன்று புதுச்சேரி அனுபவத்தில் ஒரு பகுதி. கப் பிடித்துப்போனவர் அதே மாதிரி ஒன்றைத் தேடி வாங்கிப் போகிறார். ஒரு கஃபே மேஜை செய்கிற விளம்பரம் அது.

விருத்தாசலம் என்ன செய்யலாம்?

புதுச்சேரியைக் காப்பியடிக்க வேண்டாம். அது கடற்கரைச் சுற்றுலா ஊர். விருத்தாசலம் கோயிலும் ஜங்ஷனும் உள்ள ஊர். மாசி மகத்துக்கு விருத்தகிரீஸ்வரர் கோயிலுக்கு வருகிற கூட்டமும், ரயில் மாற இறங்குகிற பயணிகளும்தான் இங்கே கஸ்டமர்கள். கோயில் தெருவில் பீங்கானுக்கென்றே நாலைந்து சின்னக் கடைகள், அங்கேயே உள்ளூர் கப்பில் டீ தரும் ஒரு டீக்கடை... ஆரம்பத்துக்கு இது போதும். டீ குடித்தவர் கப்பையும் விலை கேட்பார்.

உள்ளூர்ப் பொருட்களை ஸ்டேஷனிலேயே விற்க, 'ஒரு நிலையம் ஒரு பொருள்' திட்டத்தை ரயில்வே 2022-ல் தொடங்கியது. கண்ணெதிரே தொழிற்பேட்டை உள்ள ஒரு ஜங்ஷனுக்கு இதைவிடப் பொருத்தமான திட்டம் கிடையாது. சீசனுக்கு மட்டுமில்லாமல் ஆண்டு முழுக்க அதைப் பயன்படுத்த வேண்டும்.

அரசு செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, சின்ன ஆர்டர்களைச் சேர்த்துச் சுட, பொதுச் சூளையில் மாதத்துக்குச் சில நாட்களை ஒதுக்குவது. இன்னொன்று, டிப்ளமோ முடிக்கிற மாணவர்களுக்குக் கடை வைக்கக் குறைந்த வாடகையில் இடம். படித்து முடித்ததும் வெளியூர் டைல்ஸ் கம்பெனியில் வேலை தேடுவதைத் தவிர இன்னொரு வழியும் அவர்களுக்கு வேண்டும்.

உற்பத்தியாளர்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். சுடுவதற்கு முன்னால், ஒவ்வொரு கப்பின் அடியிலும் 'விருத்தாசலம்' என்று ஒரு முத்திரை. ஈர மண்ணில் அதைப் பதிக்க ஒரு நொடி போதும். சுட்ட பிறகு, கப் உடையும்வரை அந்தப் பெயர் அழியாது.