எண்ணூர்க் கடலோரமும் 4 வாட் வரம்பும்

சென்னைத் துறைமுகத்திலிருந்து எண்ணூர் காமராஜர் துறைமுகம் ஏறத்தாழ 24 கிலோமீட்டர். காசிமேடு மீன்பிடித் துறைமுகமும், ராயபுரம், திருவொற்றியூர் குடியிருப்புகளும், எண்ணூரின் ஆலைகளும் இந்தக் கடலோர நீளத்துக்குள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, மக்கள் வீடுகளை விட்டு ஓடினார்கள். இப்படிப்பட்ட பகுதியில் காற்றை அளக்கும் கருவிகளும் எச்சரிக்கை ஒலிபெருக்கிகளும் ஒரே ஃபைபர் கம்பியை நம்பி இருக்கக் கூடாது. சாலையைத் தோண்டினால் அது அறுந்துவிடும். இரண்டாவது வழி ஒன்று தேவை. உரிமம் வேண்டாத அலைக்கற்றையில், கூரைக்குக் கூரை இயங்கும் ரேடியோ இணைப்பே கிடைக்கும் வழிகளில் மலிவானது. அதற்கான திறன் வரம்பு தவறான ஒன்றை அளக்கிறது என்பதே என் வாதம்.

2005 ஜனவரியில் மத்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு உரிம விலக்கு அளித்தது. கருவியின் திறன் 1 வாட்டைத் தாண்டக் கூடாது. ஆன்டெனா குவித்து அனுப்பும் திசையில் வெளிப்படும் திறன் 4 வாட்டைத் தாண்டக் கூடாது. ஆன்டெனா கூரைக்கு மேல் 5 மீட்டருக்குள் இருக்க வேண்டும். 2007இல் 5.825 முதல் 5.875 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதி வெளிப்புறப் பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்டபோதும் அதே 4 வாட்தான். 2018 அக்டோபரில் 5 கிகாஹெர்ட்ஸில் மேலும் விரிவான பகுதிகள் விடுவிக்கப்பட்டன. நல்ல நடவடிக்கைதான். ஆனால் நான்கு திசையிலும் இறைக்கும் ஆன்டெனாவுக்கும் ஒரே புள்ளியை நோக்கிய தட்டு ஆன்டெனாவுக்கும் வேறுபாடு பார்க்காத அந்த 4 வாட் சிந்தனை இன்னும் கேள்விக்குள்ளாக்கப்படவில்லை.

இதன் விளைவைக் கணக்கில் பார்க்கலாம். 23 டெசிபல் பெருக்கம் தரும் ஆன்டெனா, திறனை ஒரு திசையில் சுமார் 200 மடங்கு குவிக்கிறது. 4 வாட்டுக்குள் நிற்க, அதன் கருவியை 20 மில்லிவாட்டுக்கு இறக்க வேண்டும். 30 டெசிபல் தட்டு என்றால் 4 மில்லிவாட்டுக்கு. பிறருக்கு இடைஞ்சல் குறைய வேண்டுமென்று கதிரை எவ்வளவு குறுக்குகிறோமோ அவ்வளவுக்கு விதி நம் திறனைப் பறிக்கிறது. பெரிய ஆன்டெனா சமிக்ஞையைப் பெறும் முனையில் உதவத்தான் செய்யும். காலியான வெளியில் 10 கிலோமீட்டர் தூரத்தை 4 வாட்டிலேயே கடக்கலாம். ஆனால் திருவொற்றியூர் காலியான வெளி அல்ல. வீட்டுக்கு வீடு, கிடங்குக்குக் கிடங்கு வைஃபை எழுப்பும் இரைச்சலில், பெறும் முனையில் கிடைத்த அந்த உபரி கரைந்துபோகிறது. தூரம் இரட்டித்தால் நான்கு மடங்கு திறன் வேண்டும் என்பதும் சேர்ந்துகொள்கிறது.

திறன்தான் எல்லாம் என்று நான் சொல்லவில்லை. தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுவட்டாரப் பார்வை மையங்களோடு இணைக்க, பெர்க்லி கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005ஐ ஒட்டிய ஆண்டுகளில் வைஃபை கருவிகளையே நீண்ட தூரத்துக்குப் பயன்படுத்தினார்கள். கிராமத்து நோயாளி மருத்துவரோடு காணொளியில் பேசினார். அவர்கள் கண்ட முக்கியத் தடை திறன் அல்ல; ஒவ்வொரு தரவுத் துணுக்குக்கும் மறுமுனையின் ஒப்புகைக்காகக் காத்திருக்கும் வைஃபை நெறிமுறைதான். அதை மாற்றி எழுதியதும் இணைப்பு நிலைத்தது. பார்வைக் கோட்டின் உயரமும் அப்படித்தான்: 5.8 கிகாஹெர்ட்ஸில் 10 கிலோமீட்டர் இணைப்புக்கு நடுவழியில் கோட்டைச் சுற்றி சுமார் 11 மீட்டர் ஆரத்துக்கு இடம் தேவை. கன்டெய்னர் அடுக்கும் கிரேனும் நடமாடும் இடத்தில் வாட்டைக் கூட்டி அதை ஈடுகட்ட முடியாது. தேனி அனுபவம் வட சென்னைக்கு விடை தராதது இரைச்சல் ஒன்றுக்குத்தான். அதற்கு மட்டுமே திறனும் குறுகிய கதிரும் சேர்ந்து தேவைப்படுகின்றன.

எல்லோரும் திறனைக் கூட்டினால் இரைச்சலும் கூடாதா என்று கேட்பார்கள். எல்லோரும் கூட்டினால் கூடும். அதனால்தான் கருவியின் 1 வாட் வரம்பு அப்படியே இருக்கட்டும் என்கிறேன். நிலையாகப் பொருத்தப்பட்ட, இரு முனைகளுக்கு மட்டுமான இணைப்புக்கு ஆன்டெனாப் பெருக்கத்தை மட்டும் தண்டிக்காமல் விட்டால் போதும். அமெரிக்கா 5.8 கிகாஹெர்ட்ஸில் இதைத்தான் செய்கிறது. கதிருக்குள் சிக்குபவருக்குத் தொல்லை கூடும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் நம் கடற்கரை வடக்கு நோக்கி ஏறக்குறைய நேராக ஓடுகிறது. ராயபுரத்திலிருந்து எண்ணூருக்கு அனுப்பும் கதிரைப் பெரும்பாலும் நீரின் மேலேயே செலுத்தலாம். அங்கே 5.8 கிகாஹெர்ட்ஸ் கதிர் கப்பல் ரேடார்களோடு மோதாது; அவை 3, 9 கிகாஹெர்ட்ஸ் பகுதிகளில் இயங்குபவை. சென்னைத் துறைமுகத்தில் உள்ள வானிலைத் துறையின் டாப்ளர் ரேடாரும் 3 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழேதான்.

இதைவிடக் கனமான எச்சரிக்கை 5.6 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியைப் பற்றியது. 2009இல் போர்ட்டோ ரீக்கோவின் சான் ஹுவான் விமான நிலைய வானிலை ரேடாரை உரிமமற்ற வெளிப்புறக் கருவிகள் குழப்பின. நமக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட்டைப் பின்தொடரும், இதே அலைவரிசைப் பகுதியை உள்ளடக்கிய சி பட்டை ரேடார்கள் இருக்கின்றன. ஆகவே சலுகை 5.8 கிகாஹெர்ட்ஸுக்கு மட்டும் என்று குறுக்கி, அந்த ரேடார்களைச் சுற்றி விலக்கு வட்டமும் வகுக்க வேண்டும். திருட்டுத்தனமாகத் திறனைக் கூட்டுபவர்களை யார் பிடிப்பது என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் உண்டு: சலுகை வேண்டுவோர் இரு முனைகளின் இடம், திசை, அலைவரிசை ஆகியவற்றை இணையத்தில் பதிய வேண்டும். இன்று வெளிப்புற இணைப்பு எங்கே இருக்கிறது என்ற பட்டியலே இல்லாமல் கண்காணிப்பு நடக்கிறது. பதிவு வந்தால், புகார் எழும் நாளில் எந்தக் கூரைக்குப் போவது என்று தெரியும்.

உரிமமற்ற இணைப்புக்குப் பிறரின் இடைஞ்சலிலிருந்து சட்டப் பாதுகாப்பு கிடையாது என்பதால் அமோனியாக் குழாயின் முதல் எச்சரிக்கையை இதன் மேல் வைக்கச் சொல்லவில்லை. ஃபைபர் அறுந்த இரவில் இரண்டாவதாக நிற்கவே இதைக் கேட்கிறேன். இதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. 2005, 2007, 2018 தளர்வுகள் எல்லாம் அறிவிக்கை வழியே வந்தவை. தொலைத்தொடர்புத் துறை இதையும் ஓர் அறிவிக்கையில் செய்யலாம், ராயபுரம் – எண்ணூர் கடலோரத்தில் ஓராண்டுச் சோதனையாகவே தொடங்கலாம்.