பேராசிரியருக்கும் காவலாளிக்கும் ஒரே அந்தரங்கம்
பணியிடக் கண்காணிப்பு குறித்து எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

எங்கள் சங்கத்தில் பேராசிரியர்கள், எழுத்தர்கள், ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர்கள் எல்லோரும் உறுப்பினர்கள். அதனால் 2012-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் நடந்ததை எங்களால் வெளியூர்ச் செய்தியாக ஒதுக்க முடியவில்லை. தேர்வு முறைகேடு தொடர்பான உள்சுற்றுக் கடிதம் ஒன்று பத்திரிகைக்குக் கசிந்தது. கசியவிட்டவரைக் கண்டுபிடிக்க, மாணவர் இல்லங்களைக் கவனிக்கும் 16 டீன்களின் மின்னஞ்சல் தலைப்புகளை நிர்வாகம் அவர்களுக்குத் தெரியாமல் தேடியது. 2013 மார்ச்சில் விஷயம் வெளியானதும், அவர்கள் ஆசிரியர்களா ஊழியர்களா என்ற வாதம்தான் எழுந்தது. ஆசிரியர் என்றால் தகவல் தெரிவிக்க வேண்டும். ஊழியர் என்றால் தேவையில்லை. விதிகள் அப்படி இருந்தன. அவர்களோ பாடமும் நடத்தினார்கள், நிர்வாகமும் பார்த்தார்கள்.

அந்தக் கேள்வியே தவறு என்கிறோம். ஹார்வர்டும் 2014-இல் ஆசிரியர், ஊழியர், மாணவர் அனைவருக்கும் பொதுவான கொள்கையை வகுத்தது.

வகுப்பறைக்குத் தனிப் பாதுகாப்பு தேவை என்பதை மறுக்கவில்லை. கேமராவின் கீழ் நிற்கும் ஆசிரியர் சர்ச்சைக்குரிய பாடத்தைத் தொடத் தயங்குவார். மாண்டினீக்ரோவில் கணிதப் பேராசிரியர்கள் இருவர் விரிவுரை அரங்குக் கேமராக்களை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், 2017 நவம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. அதே ஆண்டு செப்டம்பரில், ருமேனியத் தனியார் நிறுவன ஊழியர் ஒருவரின் யாகூ மெசஞ்சர் உரையாடலை முதலாளி கண்காணித்த வழக்கிலும் ஊழியரே வென்றார். நிறுவனத்தின் கணினி என்பதற்காக அதில் அமர்ந்திருப்பவரின் தனி வாழ்க்கை முழுவதும் நிறுவனத்துக்குச் சொந்தமாகிவிடாது.

இந்தியாவில் 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றார்கள். ஆனால் 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 7-ஆம் பிரிவில், வேலை தொடர்பான தேவைகளுக்கும் முதலாளியை இழப்பிலிருந்து காப்பதற்கும் ஊழியரின் ஒப்புதலின்றியே தரவைக் கையாள இடம் தருகிறது. சம்பளம் போடவும் வருங்கால வைப்புநிதி கட்டவும் விவரங்கள் வேண்டும்தான். ‘இழப்பைத் தடுக்க’ என்ற சொல்லுக்குள் எதையும் அடக்கிவிடலாம் என்பதே எங்கள் அச்சம். அதைச் சட்டத்திலேயே குறுக்க வேண்டும்.

நிர்வாகத்திடம் நாங்கள் கேட்பவை இவை. என்ன பதிவாகிறது, யார் பார்ப்பார்கள், எப்போது அழிக்கப்படும் என்பதை முன்கூட்டியே தமிழில் எழுதித் தர வேண்டும். ஓய்வறையில் கேமரா கூடாது. பாலியல் தொந்தரவுப் புகார் போன்றவற்றில் மின்னஞ்சலைத் தேடத்தான் வேண்டும் என்றால், காரணத்தை எழுதிவைத்து, ஊழியர் பிரதிநிதி முன்னிலையில், குறிப்பிட்ட கடிதங்களை மட்டும் தேடட்டும்; பிறகு உரியவரிடம் சொல்லட்டும். விரல்ரேகை வருகைப் பதிவுக்கு மாற்று வழி கட்டாயம் வேண்டும். பிளீச்சிங் பவுடரிலும் துடைப்பத்திலும் தேய்ந்த விரல்ரேகையை இயந்திரம் ஏற்காமல் போனால், வேலைக்கு வந்தவர் வராதவராகிவிடுகிறார். இது பேராசிரியர்களுக்கு எளிதில் நேராத துன்பம் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறோம்.

எங்கள் சங்க அலுவலகத்திலும் இதே விதிகளைக் கடைப்பிடிப்போம். உறுப்பினர் பட்டியலை யார் திறந்து பார்த்தாலும் பதிவேட்டில் பெயரும் காரணமும் எழுதுவார்கள். அந்தப் பதிவேட்டை எந்த உறுப்பினரும் கேட்டுப் பார்க்கலாம்.