எல்லைக்கல்லும் செயற்கைக்கோளும்

1802-ஆம் ஆண்டில் வில்லியம் லாம்டன் பரங்கிமலையருகே எஃகுச் சங்கிலி கொண்டு ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அளந்து, பாரத தேசத்தின் மகத்தான நில அளவைக்கு அஸ்திவாரமிட்ட இடத்திலிருந்து வெகுதூரமில்லாத திருமழிசையில், வயல்கள் மனைகளாகிவரும் இந்நாளில், முழ நிலத்துக்காக அண்டை வீட்டார் விரோதிகளாக நேருமாயின் அது மிகவும் விசனத்துக்குரியது.

எல்லையைக் கைப்பேசி கொண்டு அறியலாமென்றால், அது காட்டும் ஸ்தானம் சில மீட்டர் பிசகக்கூடியது; பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு அண்மையிலுள்ள தென்னிந்தியாவிலோ, அஸ்தமனத்துக்குப் பின் அயனி மண்டலம் கலங்கிச் செயற்கைக்கோள் சமிக்ஞைகளைச் சிதறடிக்கையில் அப்பிசகு இன்னும் பெருகும். ஸ்தானம் திட்டமாகத் தெரிந்த நிலையமொன்றில் நிறுவிய கருவி இரவுபகலாக அப்பிசகைக் கணித்து, அளப்பவருக்கு உடனுக்குடன் அனுப்புமாயின், சென்டிமீட்டர் துல்லியம் கைகூடும். இந்திய நில அளவைத் துறை இத்தகைய 'கார்ஸ்' நிலையங்களை நாடெங்கும் அமைத்திருக்கையில், புதிய மனைப்பிரிவின் ஒவ்வொரு மூலைக்கல்லும் அவற்றின் துணையோடு அளக்கப்பட்டுப் புலப்படத்திலேயே பதிவாக வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.