நாக்கு பாஸ்... லேப் ஃபெயில்!

தலைப்பைப் பார்த்ததும் 'ஆஹா, நம்ம சோகக் கதை'னு கெமிஸ்ட்ரி லேப்ல அரியர் வெச்சிருக்கிற மக்கள் எல்லாம் ஓடி வர்றது தெரியுது. வாங்க, வாங்க! ஆனா, இந்த வாரம் நாம போற இடம் சிகாகோ. பார்க்கப்போற ஆள், ஒரு பீர். சாதா பீர் இல்லை பாஸ்... விஸ்கி ஊறின மரப் பீப்பாய்க்குள்ள மாசக்கணக்குல தவம் கிடந்து, 14 சதவிகித ஆல்கஹாலோட வெளியே வர்ற முரட்டு பீர்!

'மாப்ள டேஸ்ட் பண்ணிட்டு வந்து எழுதறான் போல'னு சந்தோஷப்படாதீங்க. எனக்கு வயசு 20. தமிழ்நாட்டுல 21 ஆகணும். அமெரிக்காவுலயும் 1984-ல வந்த சட்டத்துக்கு அப்புறம் எல்லா மாநிலத்துலயும் 21தான். ஆக, ரெண்டு நாட்டுலயும் நான் கேட்டுக்கு வெளியே நிக்கிற ஆள். ஆனா, உள்ளே இருக்கிறவங்க இதை எப்படி ருசி பார்க்கறாங்கனு படிக்க ஆரம்பிச்சு, ஹீட் டிரான்ஸ்ஃபர் புக்கைத் தூக்கி மூலையில போட்டாச்சு. ஏன்னா, எங்க கெமிக்கல் இன்ஜினீயரிங் சிலபஸ்ல பாதி அந்தக் கிளாஸுக்குள்ளதான் இருக்கு.

முதல்ல பீப்பாய். அமெரிக்காவோட பர்பன் விஸ்கிக்குக் கறாரான சட்டம் உண்டு. தானியத்துல குறைஞ்சது 51 சதவிகிதம் மக்காச்சோளமா இருக்கணும். ஊறவைக்கிற பீப்பாய், உள்பக்கம் நெருப்புல கருக்கப்பட்ட புத்தம்புது ஓக் மரப் பீப்பாயா இருக்கணும். 'புத்தம்புது'ங்கிற அந்த ஒரு வார்த்தைதான் நம்ம கதைக்கே விதை. ஒரு தடவை பர்பன் ஊறிட்டா, அடுத்த பர்பனுக்கு அந்தப் பீப்பாய் உதவாது. சுமார் 200 லிட்டர் பிடிக்கிற நல்ல பீப்பாய், ஒரே ஆட்டத்துல ரிட்டயர்டு! அதனால ஸ்காட்லாந்து விஸ்கிக்காரங்க வாங்கிட்டுப் போறாங்க, ரம் காய்ச்சறவங்க வாங்கறாங்க. டபாஸ்கோ மிளகாய் சாஸ் ஊறுறதுகூட இந்த மாதிரி பழைய விஸ்கிப் பீப்பாய்லதான்.

காலிப் பீப்பாய்ல என்ன இருக்கும்னு கேட்டா, நான் எங்க வீட்டு மாவடு ஜாடியைக் காட்டுவேன். எத்தனை தடவை கழுவிக் கவிழ்த்தாலும், மூடியைத் திறந்தா மாவடு வாசம் வரும். பீங்கான் ஜாடிக்கே அப்படின்னா, விஸ்கி வருஷக்கணக்குல வெயில்லயும் குளிர்லயும் ஊறின மரப்பலகைக்கு எப்படி இருக்கும்? வெயில் காலத்துல திரவம் விரிஞ்சு மரத்துக்குள்ள புகும். குளிர் காலத்துல சுருங்கி வெளியே வரும். இப்படிப் போயிட்டு வந்ததுல லிட்டர் கணக்குல விஸ்கி மரத்துக்குள்ளயே தங்கிடுது.

விஸ்கி மட்டும் இல்லை, மரமும் பேசும். ஓக் மரத்தோட லிக்னினை நெருப்பு உடைக்கும்போது கிடைக்கிற சரக்குதான் வனிலின். ஆமா, நம்ம ஐஸ்க்ரீம் வெனிலா வாசத்துக்குக் காரணமான அதே மூலக்கூறு! கூடவே கிராம்புல இருக்கிற யூஜினால், புகை வாசம் தர்ற குவாயகால். ஹெமிசெல்லுலோஸ் உடைஞ்சு சர்க்கரையாகி, அது கருகிக் கேரமல் வாசம். ஓக் லாக்டோன்னு ஒண்ணு, அச்சு அசல் தேங்காய். போன செமஸ்டர்ல நான் மனப்பாடம் பண்ணி, எழுதி, மறந்த அத்தனை பேரும் ஒரே பலகையில வரிசையா உட்கார்ந்திருக்காங்க!

இந்தப் பீப்பாய்க்குள்ள பீரை ஊத்தலாம்னு யாருக்குய்யா முதல்ல தோணுச்சு?

சிகாகோவுல ஜான் ஹால்ங்கிறவர் 1988-ல ஆரம்பிச்ச மதுக்கூடம் கூஸ் ஐலண்ட். அங்கே அப்போ பீர் காய்ச்சினது அவர் பையன் கிரெக் ஹால். ஒரு விருந்துல கிரெக், ஜிம் பீம் விஸ்கிக் குடும்பத்துப் பெரியவர் புக்கர் நோவைச் சந்திச்சுப் பேசினதுல, ஆறு காலிப் பீப்பாய் கிடைச்சது. மதுக்கூடத்தோட ஆயிரமாவது காய்ச்சலுக்கு ஏதாவது ஸ்பெஷலா செய்யணும்னு, கறுகறுன்னு கெட்டியான ஸ்டௌட்டைக் காய்ச்சி அதுக்குள்ள நிரப்பினார். (ஸ்டௌட்டும் ஏல் குடும்பத்துப் பிள்ளைதான்... மிதமான வெப்பத்துல புளிக்கிற ஈஸ்ட் ஜாதி.) 'பர்பன் கவுன்ட்டி ஸ்டௌட்' பிறந்த கதை இதுதான். பிறந்த வருஷத்துலதான் பஞ்சாயத்து. கம்பெனி 1992-னு சொல்லுது. ஜோஷ் நோயல்ங்கிற சிகாகோ பத்திரிகையாளர் பழசையெல்லாம் தோண்டிப் பார்த்து 1995-னு சொல்றார். எனக்கு நோயல் பக்கம்தான் நம்பிக்கை. கம்பெனிக்குப் பிறந்தநாளை முன்னாடி தள்ளினா லாபம் உண்டு, நோயலுக்கு என்ன லாபம் சொல்லுங்க?

இப்ப நாக்கு மேட்டருக்கு வருவோம். இந்த ஏலைச் சரியா ருசி பார்க்கறவங்களைப் பார்த்தா, நம்ம ஹாஸ்டல் ஆசாமிங்க தலையில அடிச்சுப்பாங்க. குவார்ட்டரை உடைச்சு, மூக்கைச் சுளிச்சு, ஒரே மடக்குல இறக்கி, ஊறுகாயை நக்கி 'ஆங்...'னு சவுண்டு விடற கோஷ்டியைச் சொல்றேன். நாக்குல படாம தொண்டைக்குள்ள தள்ளறதுக்குப் பேரு ருசியா? மருந்து குடிக்கிற குழந்தைகூட அதைவிட நிதானமா குடிக்கும்!

இவங்க என்ன பண்றாங்கன்னா... வாய் குறுகி வயிறு பெருத்த கிளாஸ்ல நாலு ஸ்பூன், அஞ்சு ஸ்பூன்தான் ஊத்தறாங்க. ஐஸ்ல வைக்கறது கிடையாது. 12, 13 டிகிரி போதும். குளிர்ந்தா வாச மூலக்கூறுகள் எழும்பி வராது, கொஞ்சம் சூடேறினாத்தான் வெளியே வரும். முதல்ல மூக்கு. நாக்கு அப்புறம். கடைசியா விழுங்கிட்டு, வாயை மூடி மூக்கு வழியா மூச்சை விடணும். தொண்டைப் பின்பக்கமா மூக்குக்கு ஏறுற அந்த வாசத்துலதான் வெனிலா, தேங்காய், கரி, பேரீச்சை, சாக்லேட் எல்லாம் ஒவ்வொண்ணா பிரிஞ்சு தெரியுமாம். ஒரு மிடறுக்கும் அடுத்த மிடறுக்கும் நடுவுல நோட்டுல எழுதறாங்க பாஸ்... எக்ஸாம் ஹால்ல நான்கூட அவ்வளவு எழுதறதில்லை.

நம்ப முடியலையா? இதுக்கு 21 வயசு ஆக வேண்டாம், இன்னிக்கு ராத்திரி மெஸ்லயே செஞ்சு பாருங்க. மூக்கை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு ஏலக்காய் போட்ட பர்ஃபி ஒரு துண்டு வாயில போடுங்க. இனிப்பு மட்டும்தான் தெரியும். மூக்கை விடுங்க... குபீர்னு ஏலக்காய் வந்து நிக்கும்! நாக்குக்கு இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமின்னு விரல்விட்டு எண்ற அளவுதான் தெரியும். மீதி எல்லாம் மூக்கு வேலை. நுனி நாக்குல இனிப்பு, கடைசியில கசப்புன்னு ஸ்கூல்ல ஒரு நாக்குப் படம் வரைஞ்சோமே, அதுவும் டுபாக்கூர். 1901-ல டேவிட் ஹேனிக்னு ஒரு ஜெர்மன்காரர் செஞ்ச ஆய்வை, 1942-ல எட்வின் போரிங் தன் புத்தகத்துல வரைபடமா போட்டவிதத்துல வந்த குழப்பம். எல்லா ருசியும் நாக்கு முழுக்கத் தெரியும். அந்தப் படத்துக்கு நான் வாங்கின அஞ்சு மார்க்கைத் திருப்பிக் கேட்டுடாதீங்க!

பீர் தொழிற்சாலைகள்ல இந்த நாக்கை ஒரு அளவுக் கருவி மாதிரியே பழக்கறாங்க. வெண்ணெய் வாசம் வந்தா டைஅசிட்டைல். பச்சை ஆப்பிள் வாசம் வந்தா அசிட்டால்டிஹைடு. நனைஞ்ச அட்டைப்பெட்டி மாதிரி இருந்தா, பீர் பழசாயிடுச்சுன்னு அர்த்தம். மூணு கிளாஸ் வெச்சு, ரெண்டுல ஒரே பீர், ஒண்ணுல வேற பீர் ஊத்தி, 'எது வேற?'னு கேட்கற டெஸ்ட்டும் உண்டு. குத்துமதிப்பா சொன்னா மூணுல ஒரு வாய்ப்பு. நாலு தடவையும் குத்துமதிப்பாவே ஜெயிக்க 81-ல ஒரு வாய்ப்பு. அதுக்கு மேல ஜெயிச்சுக்கிட்டே இருந்தா, அந்த ஆளை நம்பலாம்.

இவ்வளவு பழக்கம் எதுக்குன்னு கேட்டா, 2015-ஐப் பாருங்க.

அதுக்கு நாலு வருஷம் முன்னாடியே, 2011-ல, கூஸ் ஐலண்டை உலகத்தோட மிகப்பெரிய பீர் கம்பெனியான ஏபி இன்பெவ் 3 கோடியே 88 லட்சம் டாலருக்கு வாங்கிடுச்சு. 'இனி ருசி போச்சு'னு பழைய ரசிகர்கள் புலம்பிக்கிட்டு இருந்த நேரம். நவம்பர் மாசம் பிளாக் ஃப்ரைடே அன்னிக்கு அந்த வருஷத்துச் சரக்கு வெளியே வந்தது. ரஜினி படம் முதல் நாள் முதல் ஷோ மாதிரி, கடை வாசல்ல விடிய விடிய க்யூ! வாங்கினதை உடனே திறக்கறவங்களும் உண்டு, அஞ்சு வருஷம் பத்திரமா வெச்சுக் காத்திருக்கறவங்களும் உண்டு.

தொழிற்சாலையை விட்டுக் கிளம்பும்போது சுவையில கோளாறு தெரியலை. ஆனா, கொஞ்ச நாள்ல வாங்கினவங்ககிட்ட இருந்து புகார். 'புளிக்குதே... இது இப்படி இருக்காதே!' முதல்ல சொன்னது லேப் இல்லை பாஸ், நாக்கு! திரும்பவும் சோதிச்சப்ப மாட்டினவர் பேரு லாக்டோபேசில்லஸ் அசிட்டோடாலரன்ஸ். பேர்லயே இருக்கு, வினிகரைத் தாங்கற பாக்டீரியா. 1980-கள்ல ஜப்பான்ல வினிகர் தயாரிப்புலதான் இவரை அடையாளம் கண்டு பேர் வெச்சாங்க. பீர்ல ஆல்கஹால் இருக்கு, ஹாப்ஸ் கசப்பு இருக்கு, ரெண்டுமே பாக்டீரியாவுக்கு எமன். அதுலயும் 14 சதவிகிதத்துல எவன் பிழைப்பான்னு எல்லாரும் நம்பியிருந்தாங்க. இவர் பிழைச்சார். வழக்கமான கல்ச்சர் தட்டுல சுலபமா வளர்ந்து காட்டாத ஜாதி வேற. தட்டு 'ஒண்ணும் இல்லை'னு சொன்னா, 'இல்லை'னு அர்த்தமா, 'எனக்குத் தெரியலை'னு அர்த்தமா? மைக்ரோபயாலஜி வைவாவுல இந்தக் கேள்வி வந்தா எனக்கு ட்ரீட் வைங்க.

2016 ஜனவரியில அந்தக் குடும்பத்துலயே ரெண்டு வகைக்குப் பணத்தைத் திருப்பித் தர்றதா கம்பெனி அறிவிச்சது. அதே வருஷம் ஜூலையில ஒரிஜினல் ஸ்டௌட்டும் அந்த லிஸ்ட்ல சேர்ந்துச்சு. உடம்புக்குக் கெடுதல் பண்ற கிருமி இல்லை, ருசிதான் கெட்டது. ருசிக்காக மட்டும் காசைத் திருப்பித் தந்தாங்கங்கிறதை ரெண்டு தடவை படிச்சேன். 'பல்லி விழுந்த சாம்பார்ல பல்லியை எடுத்துட்டா ஓகே'ங்கிற மெஸ் கான்ட்ராக்டர்களுக்கு இதை யாராவது மொழிபெயர்த்துச் சொல்லுங்களேன்!

நடுவுல ஒரு சின்ன கணக்கு. 2015-ல அந்த ஸ்டௌட் வந்தது அரை லிட்டர் பாட்டில்ல. 14 சதவிகிதம்னா சுத்த ஆல்கஹால் 70 மில்லி. நம்மூர் 650 மில்லி பாட்டில், 5 சதவிகிதம்னா 32.5 மில்லி. ஆக, அந்தக் குட்டி பாட்டில் ஒண்ணு, நம்மூர் பெரிய பாட்டில் ரெண்டையும் தாண்டும். அதனாலதான் அங்கே ஒரு பாட்டிலை நாலு பேர் சுத்தி உட்கார்ந்து பங்கு போடறாங்க. 21 தாண்டின சீனியர் யாராவது 'பீர்தானே மச்சி'னு ஆரம்பிச்சா, இந்தக் கணக்கை நோட்டுல போட்டுக் காட்டுங்க.

2016 சரக்குல இருந்து கூஸ் ஐலண்ட் ஒரு புது ஸ்டெப் சேர்த்தது... ஃப்ளாஷ் பாஸ்ச்சுரைசேஷன். நம்ம பால் பாக்கெட்டுக்கு 72 டிகிரியில 15 விநாடி காட்டறாங்களே, அதே தத்துவம்தான். சட்டுனு சூடு, சட்டுனு குளிர், கிருமி காலி. ரசிகர்கள் ரெண்டு கட்சி ஆயிட்டாங்க. 'வருஷக்கணக்குல மாறிக்கிட்டே இருக்கிறதுதான் இந்த ஏலோட அழகு, சூடு காட்டினா அது செத்த சரக்கு'னு ஒரு கட்சி. 'ராத்திரி பூரா க்யூவுல நின்னு வாங்கி, அஞ்சு வருஷம் கழிச்சுத் திறந்தா வினிகரா?'னு இன்னொரு கட்சி.

என் ஓட்டு ரெண்டாவது கட்சிக்கு. பாட்டிலுக்குள்ள நடக்கற மாற்றத்துக்கு ஈஸ்ட்டோ பாக்டீரியாவோ மட்டுமே காரணம் இல்லை. ஆக்ஸிஜன் துளி உள்ளே இருந்தாலே போதும், மெதுவா வேலை நடக்கும். வனிலினும் லாக்டோனும் 15 விநாடி சூட்டுல ஓடிப்போற ஆசாமிங்களும் இல்லை, நெருப்புல கருகின மரத்துலயே பிறந்து வந்தவங்க. ஆனா, முதல் கட்சிக்காரங்க சொல்றதை முழுசா தள்ளவும் முடியலை. சூடு காட்டினது ஒண்ணு, காட்டாதது ரெண்டுன்னு மூணு கிளாஸ் வெச்சு, அவங்க கண்ணைக் கட்டி, நாலு ரவுண்டு கேட்கணும். ஜெயிச்சா, ஓட்டை மாத்திப் போட நான் ரெடி.