வெள்ளாமை போன வழி

இங்கிலீஷ் கிராமம் என்பது நம்மில் நாலெழுத்துப் படித்தவர்களுக்குப் பார்ப்பதற்கு முன்பே மனப்பாடமான விஷயம். பாடப்புத்தகம், காலண்டர், பிஸ்கட் டப்பா மூடி, இப்போது செல்போன் என்று அது வீடு தேடி வந்துகொண்டே இருக்கிறது. பச்சைப் புல்வெளி, ஆட்டுமந்தை, கல்லால் கட்டிய சர்ச், தூரத்தில் ஒரு மாளிகை. கவனித்துப் பாருங்கள், அந்தப் படத்தில் வேலை செய்கிற ஆள் ஒருத்தரும் இருக்க மாட்டார். உழுதவர் யார், அறுத்தவர் யார், மாளிகைக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விகளைத் துடைத்துவிட்டுத்தான் அந்த 'அழகு' வரையப்பட்டிருக்கிறது.

உதவித்தொகை வாங்கி அங்கே படிக்கப் போகிற நம் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறிப் போய் இந்த ஊர்களைப் பார்த்துவிட்டு, "அண்ணே, சாதி இல்லாத கிராமம் பாருங்க" என்று போட்டோ அனுப்புகிறார்கள். அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. ஒரு ஊரின் எல்லாத் தெருவிலும் செருப்புக் காலோடு நடக்கலாம் என்பது நமக்குச் சின்ன விஷயமா? ஆனால் அழகைப் பார்த்து மயங்குவது வேறு, பாதையைப் பார்த்துப் பாடம் படிப்பது வேறு. இரண்டாவதைப் பற்றித்தான் நான் பேச நினைக்கிறேன்.

2002இல் என் அம்மா செவிலியர் வேலைக்கு இங்கிலாந்து போனார். எனக்குப் பதின்மூன்று வயது. லண்டனுக்கு வடக்கே ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் வாட்டன்-அட்-ஸ்டோன் என்ற கிராமத்தில் வாடகைக்கு இருந்தோம். 2006இல் அந்நாட்டு அரசு சாதாரணச் செவிலியர் பணியைப் பற்றாக்குறைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அம்மாவின் வேலை அனுமதி நீளவில்லை. மூட்டை கட்டினோம். நான் இங்கே வந்து பட்டம் வாங்கி, தேர்வெழுதி, பேங்க் கிளார்க் ஆனேன். 2024 மே மாதம் பன்னிரண்டு நாள் லீவு போட்டு, அம்மாவோடு வேலை பார்த்த ஒரு கேரளச் செவிலியர் வீட்டில் தங்கி, அந்த ஊரை மறுபடி பார்த்துவிட்டு வந்தேன்.

பதினெட்டு வருடத்தில் ஊர் மாறவே இல்லை. வேலியின் உயரம்கூட அப்படியே இருக்கிறது. பீன் ஆறு (நம் ஊரில் அதை வாய்க்கால் என்போம்) அதே மெலிந்த உடம்போடு ஓடுகிறது. ஒரு ஊர் மாறாமல் அழகாகவே இருப்பதற்கு நிறையச் செலவாகும் தோழர்களே. அந்தச் செலவை யாரோ கொடுத்திருக்க வேண்டும். யார் கொடுத்தது?

முதலில் வேலியைப் பார்ப்போம். நான் போன மே மாதத்தில் முள்வேலிகள் வெள்ளைவெளேரென்று பூத்துக் கிடந்தன. ஹாதார்ன் என்ற செடி. கவிஞர்களுக்குப் பிரியமான பூ. ஆனால் இங்கிலாந்தின் நடுப்பகுதி மாவட்டங்களில் இந்த வேலிகளில் ஏராளமானவை அழகுக்காக நட்டவை அல்ல, ஏழைகளை வெளியே நிறுத்த நட்டவை. ஆடு மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் சனங்கள் பொதுவில் அனுபவித்துவந்த நிலங்களை, நம்ம பாஷையில் சொன்னால் மந்தைவெளியையும் மேய்ச்சல் புறம்போக்கையும், பாராளுமன்றமே சட்டம் போட்டு வளைத்துக் கொடுத்தது. 1604 முதல் 1914 வரை 5,200க்கும் மேற்பட்ட சட்டங்கள். சுமார் 68 லட்சம் ஏக்கர். அந்த நாட்டின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். ஜான் கிளேர் என்ற விவசாயக் கூலியின் மகன், தானும் கூலி வேலை செய்த கவிஞன், பிறந்த ஹெல்ப்ஸ்டன் கிராமத்துக்கு 1809இல் இந்தச் சட்டம் வந்தது. ஓடித் திரிந்த வெளியெல்லாம் வேலிக்குள் போனதை வாழ்நாளெல்லாம் எழுதினான். கடைசியில் மனநோய் மருத்துவமனையில் 1864இல் செத்தான். இன்று அவன் வீடு காட்சிசாலை. நிலத்தைப் பிடுங்கிவிட்டு நினைவு மண்டபம் கட்டுவது எல்லா ஊரிலும் நடக்கிற கதைதான்.

1830இல் கென்ட் மாவட்டத்தில் தொடங்கிக் கூலிக்காரர்கள் எழுந்தார்கள். கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்தார்கள், கூலி உயர்வு கேட்டார்கள். 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். ஏறத்தாழ 500 பேரைக் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தினார்கள். அதே 1830இல்தான் இந்தியாவில் கம்பெனி அதிகாரி சார்லஸ் மெட்காஃப் உட்கார்ந்துகொண்டு, இந்தியக் கிராமம் ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் குடியரசு என்று எழுதி வைத்தார். அவர் நாட்டுக் கிராமத்தில் தூக்குமரம், நம் கிராமத்தில் 'குடியரசு'! 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் கிராம மோகத்தைக் கிழித்துப் போட்டபோது, படித்த இந்தியர்களின் அந்த மோகம் பெருமளவு இந்த மெட்காஃபிடமிருந்து வந்தது என்று சுட்டிக்காட்டியதை நாம் மறந்துவிடக் கூடாது. அழகான இங்கிலீஷ் கிராமம், தன்னிறைவான இந்தியக் கிராமம் என்ற இரண்டு பொம்மைகளையும் செய்தது மேலே இருந்து பார்க்கிற ஒரே கண்தான்.

இதற்காக இரண்டும் ஒன்று என்று சொல்லிவிட முடியாது. நம் இடதுசாரி நண்பர்கள் அவசரமாக அங்கே போய் நிற்பார்கள். இங்கிலீஷ் கூலிக்காரன் பட்டினி கிடந்தான், தூக்கில் தொங்கினான். ஆனால் அவன் தொட்ட தண்ணீர் தீட்டாகவில்லை. அவன் பேரன் பட்டணம் போய்த் தொழிலாளியானபோது, தாத்தாவின் பிறப்பு அவன் முதுகில் ஒட்டிக்கொண்டு போகவில்லை. நம்மவரோ விமானமேறிப் போனாலும் அது பக்கத்து சீட்டில் வந்து உட்காருகிறது. பக்கத்து டவுனில் தமிழர்கள் நடத்திய ஒரு பொங்கல் விழாவில் பெரிய மனிதர் ஒருவர் அம்மாவிடம் விசாரித்தார். "எந்த ஊரும்மா?" "மன்னார்குடிப் பக்கங்க." "மன்னார்குடின்னா எங்க? தெரு பேரு என்ன?" அம்மா பொங்கலைச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "ஹை ஸ்ட்ரீட்டுங்க." அந்தக் கிராமத்தின் முக்கியத் தெருவுக்கு அதுதான் பெயர். மனிதர் அடுத்த கேள்வியை விழுங்கிக்கொண்டார்.

இப்போது மாளிகைக்கு வருகிறேன். ஊரையொட்டி உட்ஹால் பார்க் என்று ஒரு பெரிய தோட்டமும் நடுவில் மாளிகையும் இருக்கின்றன. அங்கிருந்த நாலு வருடமும் அதைத் தாண்டித்தான் நடந்தேன். அது யார் பணம் என்று எங்கள் பள்ளிப் பாடத்தில் ஒரு வரி கிடையாது. கட்டியவர் தாமஸ் ரம்போல்ட். வங்கத்தில் கம்பெனி உத்தியோகத்தில் சேர்த்த பணத்தோடு திரும்பி வந்து, 1777 முதல் மாளிகை எழுப்பினார். அடுத்த வருடமே சென்னைக்குக் கவர்னராக வந்தார். ஊழல் புகாரில் கம்பெனி அவரை 1781இல் நீக்கியது. பாராளுமன்ற விசாரணை தொடங்கி, வழக்கம்போல் ஒன்றுமில்லாமல் முடிந்தது.

1791இல் ரம்போல்ட் செத்த பிறகு அதை வாங்கியவன்தான் நமக்கு இன்னும் முக்கியம். பால் பென்ஃபீல்ட். சென்னையில் கம்பெனியின் சிறிய உத்தியோகஸ்தன், பெரிய வட்டிக்காரன். ஆற்காட்டு நவாப் முகமது அலிக்குக் கடன் கொடுத்தவன். 1773இல் கம்பெனிப் படையின் உதவியோடு நவாப் தஞ்சாவூரைப் பிடித்தார். 1776இல் லண்டன் உத்தரவுப்படி கவர்னர் பிகட் அதை ராஜா துளஜாஜியிடம் திருப்பிக் கொடுத்தார். உடனே பென்ஃபீல்ட் ஒரு கணக்கைக் கொண்டுவந்து நீட்டினான். நவாப் வாங்கிய கடனுக்குத் தஞ்சாவூர் வருவாய் ஈடு: 1,62,000 பவுண்டு. தஞ்சைச் சீமையில் தனி ஆட்கள் வாங்கிய கடனுக்கு வயலில் நிற்கிற பயிர் ஈடு: 72,000 பவுண்டு. இந்தத் தகராறு முற்றி, கவர்னர் பிகட்டையே பிடித்து அடைத்தார்கள். 1777இல் காவலிலேயே இறந்தார். நவாபின் கடன்களை விசாரணை எதுவும் இல்லாமல் ஆற்காட்டு வருவாயிலிருந்தே அடைக்கலாம் என்று 1784இல் லண்டன் தீர்மானித்தது. மறு வருடம் எட்மண்ட் பர்க் பாராளுமன்றத்தில் பென்ஃபீல்டின் பெயரைச் சொல்லியே கிழித்தார். ஒன்றும் ஆகவில்லை.

நான் பார்ப்பது பேங்க் வேலை. பயிர்க்கடன் மனு தினமும் என் மேஜைக்கு வருகிறது. பட்டா, சிட்டா, அடங்கல், ஜாமீன். பட்டா இல்லாதவருக்குப் பயிர்க்கடன் இன்றைக்கும் குதிரைக்கொம்புதான். பயிரை ஈடு வைப்பவர் ஒருத்தர், ஈடு பிடிப்பவர் ஒருத்தர். சேற்றில் நின்று நட்டவர் பெயர் எந்தக் காலத்திலும் பத்திரத்தில் வராது. 1776இல் தஞ்சாவூர் வயலில் அந்தப் பயிரை நட்டது யார்? மிராசுதாரின் நிலத்தோடு கட்டப்பட்டுக் கிடந்த பள்ளரும் பறையரும்தான். ராஜாவின் பக்கம் பேசிய பர்க்குக்கும் அவர்கள் தெரியவில்லை. நவாப், ராஜா, கவர்னர், வட்டிக்காரன் என நாலு பேர் அடித்துக்கொண்டார்கள், நாலு பேருக்கும் சோறு போட்டவர் கணக்கிலேயே இல்லை. என் அம்மாவின் தாத்தா வரைக்கும் மன்னார்குடிப் பக்கம் பண்ணையாள். அந்தப் பயிர் எங்கள் பாட்டன் நட்டதுதான் என்று பத்திரம் காட்ட என்னால் முடியாது. பத்திரம் இல்லாததுதான் எங்கள் பரம்பரை.

பென்ஃபீல்ட் திவாலாகி 1810இல் பாரிசில் வறுமையில் செத்தான். மாளிகையை 1801இலேயே சாமுவேல் ஸ்மித் என்ற பேங்க் முதலாளி வாங்கிவிட்டார். இன்று அங்கே ஒரு தனியார் பள்ளி நடக்கிறது. புல்வெளியில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். விளையாடட்டும். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்கு என்ன கோபம்? ஆனால் 'இங்கிலீஷ் அழகு' என்று இனி யாராவது என்னிடம் சொன்னால், அதில் தஞ்சாவூர் நெல்லும் கிடக்கிறது என்று சொல்லத்தான் செய்வேன்.

இனி பாதை. அந்த மாளிகை கண்ணில் படுகிற மாதிரியே தோட்டத்துக்குள் சனங்கள் நடந்து போகிற பாதை இருக்கிறது. இங்கிலாந்து முழுக்க இப்படித்தான். தனியார் கோதுமை வயல் நடுவே, பண்ணை முற்றம் ஓரமாக, பொதுப்பாதை ஓடும். கம்பத்தில் மஞ்சள் அம்புக்குறி இருக்கும், வேலியைத் தாண்ட மரப்படி இருக்கும். முதல் முறை அம்மா அந்தப் படிக்கு முன்னால் நின்றுவிட்டார். "வயலுக்குள்ளயா போறது? யாராச்சும் சத்தம் போடுவாங்கடா." யாரும் சத்தம் போடவில்லை. எதிரே டிராக்டரில் வந்த நிலத்துக்காரர் கையை உயர்த்தி வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்து அம்மா சொன்னார்: "அவன் நெலம், ஆனா நம்ம வழி. இது என்னா நியாயம்டா, நல்லாருக்கே!"

இந்த நியாயம் நிலப்பிரபு மனமிரங்கிக் கொடுத்ததல்ல. 1932 ஏப்ரல் 24 அன்று கிண்டர் ஸ்கவுட் மலையில், பணக்காரர்கள் வேட்டைப் பறவைக்காக அடைத்து வைத்திருந்த நிலத்துக்குள், பென்னி ராத்மன் என்ற இருபது வயது மான்செஸ்டர் இளைஞன் முன்னால் நிற்க, நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் வேண்டுமென்றே அத்துமீறி நடந்தார்கள். ஐந்து பேர் ஜெயிலுக்குப் போனார்கள். 1949இல் சட்டம் வந்தது. பொதுப்பாதைகளை மாவட்ட நிர்வாகம் கணக்கெடுத்து வரைபடத்தில் ஏற்ற வேண்டும், ஏறிவிட்டால் அதுவே முடிவான சாட்சி. இருபது வருடம் சனங்கள் யாரையும் கேட்காமல், தடையில்லாமல் நடந்திருந்தால் அது பொதுப்பாதை என்று 1980ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. வயலைக் குறுக்கே வெட்டும் பாதையை நிலத்துக்காரர் விதைப்புக்காக உழுதுவிட்டால், 14 நாளுக்குள் அதைப் பழையபடி போட்டுத் தர வேண்டும். சண்டை இன்னும் முடியவில்லை. பாதையை விட்டு விலகித் தாராளமாகத் திரியும் உரிமை அந்த நாட்டில் 8 சதவீத நிலத்தில்தான் இருக்கிறது. டார்ட்மூரில் கூடாரம் போட்டு இரவு தங்கும் உரிமைக்கு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் ஜெயித்தார்கள்.

அங்கே பிணம் சுமந்த பாதைகளும் உண்டு. சொந்தமாக இடுகாடு இல்லாத ஊர்க்காரர்கள் சவப்பெட்டியை மைல் கணக்கில் தூக்கிப்போன வழிகள். ரைடலுக்கும் கிராஸ்மியருக்கும் நடுவே அப்படி ஒன்றில் இன்று சுற்றுலாப் பயணிகள் உலாவுகிறார்கள். பிணம் போன வழி பொதுவழி என்று சனங்கள் நம்பினார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை, ஆனாலும் நம்பினார்கள்.

நம் ஊரில் பிணத்துக்கு என்ன வழி? 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், வயல் வழி அடைக்கப்பட்டதால், ஒரு தலித்தின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். நாடே வீடியோவில் பார்த்தது. வீடியோவில் வராத ஊர்கள் எத்தனை என்று இதைப் படிக்கிற ஒவ்வொருவருக்கும் தெரியும். நம்மிடமும் சட்டம் இல்லாமல் இல்லை. 1882ஆம் வருட வசதி உரிமைச் சட்டத்தில் அதே இருபது வருடக் கணக்கு இருக்கிறது. ஆனால் அது ஒரு நிலத்துக்காரர் இன்னொரு நிலத்தின் மேல் கோருகிற உரிமை. நிலமே இல்லாத சேரி எதை வைத்துக் கோரும்?

அதனால் மாணவத் தோழர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். இங்கிலாந்து போகிறவர்கள் போங்கள், அந்தப் பாதைகளில் நன்றாக நடங்கள், மாளிகையைப் பார்த்தால் யார் பணம் என்று கேளுங்கள், அவர்கள் ஆவணக் காப்பகங்களில் நம் கணக்கைத் தேடுங்கள். இங்கே இருப்பவர்கள் தங்கள் ஊரின் கிராம வரைபடத்தையும் புலப்படத்தையும் அ-பதிவேட்டையும் எடுங்கள். கொடுக்கவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். சேரியிலிருந்து சுடுகாட்டுக்கு, சேரியிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு, சேரியிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு நம் சனங்கள் எத்தனை வருடமாக எந்த வழியில் நடக்கிறார்கள் என்பதைக் கிழவிகளிடம் கேட்டு எழுதுங்கள். வரைபடத்தில் இல்லாத ஒவ்வொரு வழியையும் சிவப்பு மையில் போட்டு, ஊர் பெயரோடு தாசில்தார் மேஜையில் வையுங்கள். ஏற்ற மாட்டேன் என்பார்கள். எழுதித் தரச் சொல்லுங்கள், அந்தக் காகிதத்தோடு நீதிமன்றம் போவோம்.

ஊர் அவர்களுக்கு அழகாகவே இருந்துவிட்டுப் போகட்டும். நமக்கு வழியை விடு.