வாசலுக்குப் பூட்டு, கொல்லைக்கு?

பேங்கில் அடையாள அட்டை கேட்கிறார்கள், விமானம் ஏறக் கேட்கிறார்கள், ஓட்டுப் போட மட்டும் கேட்டால் குற்றமா? அமெரிக்காவில் குடியரசுக் கட்சிக்காரர்கள் வருடக்கணக்காகக் கேட்டு வரும் கேள்வி இது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இண்டியானா மாநிலத்தின் கதையைப் பார்த்தால் சாயம் வெளுத்துவிடும்.

2005-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. வாக்குச்சாவடிக்கு வருபவர் அரசு கொடுத்த போட்டோ அட்டையைக் காட்ட வேண்டும். இல்லாதவர் தற்காலிக ஓட்டுப் போட்டுவிட்டு, பத்து நாளுக்குள் அலுவலகத்துக்கு அலைந்து தன்னை நிரூபிக்க வேண்டும். காரணம் கேட்டால், கள்ள ஓட்டைத் தடுக்கவாம்!

சரி, அங்கே யாராவது அடுத்தவர் பெயரில் சாவடிக்குப் போய் ஓட்டுப் போட்டார்களா? 2008-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் இந்தச் சட்டம் செல்லும் என்றது. அதில் பிரதான தீர்ப்பை எழுதிய நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸே, இண்டியானா வரலாற்றில் எந்தக் காலத்திலும் அப்படி நடந்ததற்கு வழக்கில் ஆதாரம் இல்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அப்படியானால் மோசடியே இல்லையா? இருந்தது. அதே மாநிலத்தின் ஈஸ்ட் சிகாகோ ஊரில் 2003-ல் மேயர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கட்சிக்குள் நடந்த தேர்தல். வித்தியாசம் 278 ஓட்டு. தபால் ஓட்டில் அத்தனை தில்லுமுல்லு, 2004-ல் மாநில உச்ச நீதிமன்றம் மறுதேர்தலுக்கு உத்தரவிட்டது. அடுத்த வருடமே வந்த சட்டம் தபால் ஓட்டுக்கு அட்டை கேட்டதா? இல்லை, விலக்கு அளித்தது! கிடங்கில் சரக்கு திருடு போனால் கிடங்கைத்தானே ஆடிட் செய்வார்கள்? இவர்கள் கடை வாசலில் நின்று வாடிக்கையாளரின் பையைத் துழாவுகிறார்கள்.

மாட்டியது யார் தெரியுமா? 2008 மே மாதம் சவுத் பெண்ட் நகரில் ஒரு மடத்துக் கன்னியாஸ்திரிகள். சுமார் பன்னிரண்டு பேர், எல்லோரும் 80, 90 வயதைத் தொட்டவர்கள். சாவடியில் இருந்த ஊழியரும் அதே மடத்துக் கன்னியாஸ்திரிதான். அவருக்கு இவர்களைத் தெரியும். இருந்தும் அட்டை இல்லை என்று திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று.

அட்டை இலவசம் என்கிறார்கள். அதை வாங்கப் பிறப்புச் சான்றிதழ் வேண்டுமே, அது இலவசமா?

இந்தியாவில் கேட்கவில்லையா என்றும் சிலர் வாதிடுகிறார்கள். இங்கே வாக்காளர் அட்டையைத் தேர்தல் ஆணையமே தருகிறது. அது கையில் இல்லாவிட்டால், பட்டியலில் பெயர் இருக்கும்வரை, போட்டோ ஒட்டிய பாஸ்புக்கைக் காட்டினாலும் போதும். டெக்சாஸ் 2011-ல் கொண்டுவந்த சட்டத்தில் துப்பாக்கி லைசென்ஸ் செல்லும், பல்கலைக்கழக மாணவர் அட்டை செல்லாது. துப்பாக்கிக்காரர் யாருக்கு ஓட்டுப் போடுவார், மாணவர் யாருக்குப் போடுவார் என்று அதை எழுதியவர்களுக்குத் தெரியாதா என்ன?