ஆய்வுப் பணிக்குத் தமிழ் ஆகாதா?

கல்வராயன் மலையின் உண்டுறை பள்ளியொன்றில் தமிழ்வழி பயின்று, மலையிறங்கிக் கல்லூரி சேர்ந்து, வேதியியலில் முதுகலை முடித்த மலையாளிப் பழங்குடி இளைஞன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். (மலையாளி என்பது ஈண்டுச் சேரநாட்டாரைக் குறிப்பதன்று. மலையை ஆள்வோர் எனும் பொருளில் வழங்கும் பெயர். அம்மக்கள் பேசுவது தமிழே.) அவன் பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பணி தேடப் புகுந்தால் காண்பது என்ன?

பேராசிரியர் ஒருவர்க்கு நடுவண் நிறுவனம் பொருள் நல்கும் திட்டத்தில் ஈராண்டு, மூவாண்டுப் பணி கிடைக்கும். அதன் அறிவிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில், வலைத்தளத்தின் ஒரு மூலையில், குறுகிய கெடுவுடன் வெளியாகும். இன்னொரு வழி, 'நெட்' தகுதித் தேர்வில் வென்று இளநிலை ஆய்வு நல்கை பெறுவது. 2023 சனவரி முதல் அது திங்களுக்கு 37,000 உருபா. ஏழைக் குடிக்கு அது பெருந்தொகை. ஆனால் அறிவியல் பாடங்களுக்கான வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலுமே வருகிறது. பீகார் மாணவன் இந்தியில் வினாவைப் படிக்கிறான். கல்வராயன் மலை மாணவனுக்கு அவ்வுரிமை இல்லை. இதற்குப் பெயர் ஒரே நாடாம்!

பொறியியலார் எழுதும் 'கேட்' தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே. 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடவியலையும் எந்திரவியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. நான்காண்டு தமிழில் கற்றவன் ஆய்வின் வாயிலுக்கு வந்ததும் தமிழை வெளியே விட்டுவிட்டு வரச் சொல்கிறார்கள்.

அறிவியல் ஆங்கிலத்தில்தான் இயலும் என்பார் உளர். 2008இல் இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்ற சப்பானியர் மசுக்காவா, சுவீடனில் தம் பரிசுரையைத் தம் தாய்மொழியிலேயே நிகழ்த்தினார். அவ்வளவு தொலைவு போவானேன்? யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 1860களிலேயே அமெரிக்க மருத்துவர் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார், நூல்களும் ஆக்கினார். ஆங்கிலத்தைக் கற்க வேண்டா என்று எவரும் சொல்லவில்லை. அதைக் கல்லாதவன் அறிவிலி என்பதே மறுக்கப்படுகிறது. தமிழாசிரியர்க்கும் இதில் பழியுண்டு. பழநூலுக்கு உரைமேல் உரை எழுதியோர், முதுகலை வேதியியலுக்கு ஒரு நல்ல தமிழ் நூல் எழுதுமாறு துறையறிஞரை நெருக்கினாரல்லர்.

இழப்பு அம்மாணவனுக்கு மட்டுமன்று. 2024 சூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. ஈரலில் அந்நஞ்சு எறும்புக் காடியாக மாறிக் கண்ணைக் குருடாக்கும். எப்போது குடித்தார், எவ்வளவு குடித்தார், பார்வை எந்நேரத்தில் மங்கியது என்று வீடுவீடாகக் கேட்டறிந்தாலன்றி ஆய்வு இல்லை. அதைக் கேட்க அம்மக்களின் பேச்சறிந்தவன் வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் அவ்வூரில் திறக்கப்பட்டுவிட்டது. ஆய்வாளனும் அம்மண்ணிலேயே இருக்கிறான். இந்திய மருத்துவ ஆய்வு மன்றத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறை, ஆய்வுக்கு உட்படுவோர்க்கு விளங்கும் மொழியில் இசைவுத்தாள் தரப்பட வேண்டும் என்கிறது. குருதி கொடுப்பவனுக்குத் தமிழ் வேண்டுமாம். அதை ஆய்பவனுக்கு வேண்டாவாம்!

பழங்குடியினர்க்கென ஆண்டுக்கு 750 ஆய்வு நல்கைகளை நடுவணரசு வைத்திருக்கிறது. மலையூர்களில் அதைத் தமிழில் எடுத்துச் சொல்வார் யார்?

தில்லித் தேர்வைத் தமிழுக்குத் திறக்கப் போராட்டம் வேண்டும், அதற்கு நாளாகும். சேலத்துப் பெரியார் பல்கலைக்கழகமும் சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் தம் திட்டப்பணி அறிவிப்புகளைத் தமிழிலும் அச்சிட்டுக் கள்ளக்குறிச்சிக் கல்லூரிகளுக்கும் மலைப்பள்ளிகளுக்கும் அனுப்பவும், நேர்காணலில் தமிழில் விடை சொல்ல இடந்தரவும் தில்லியைக் கேட்கவேண்டியதில்லை. வரும் கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.